ரக்கூனுக்குப் பக்கத்தில் வேதாகமம்

காலையில் வேதாகமம் வாசித்த பிறகே காப்பி குடிப்பவள் நான். ஆனாலும், அமெரிக்காவின் டென்னசி மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் 2016-இல் அதை மாநிலத்தின் அதிகாரபூர்வ நூலாக்க மசோதா நிறைவேற்றியது எனக்குக் கசக்கிறது. அங்கே மாநில விலங்கு ரக்கூன். மாநிலக் கல் சுண்ணாம்புக்கல். அதே ஆண்டு பாரெட் துப்பாக்கியும் மாநிலச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. அந்த வரிசையிலா சங்கீதமும் மலைப்பிரசங்கமும்?

மசோதாக்காரர்கள் சொன்ன நியாயம் இன்னும் வேடிக்கை: வேதாகமம் வரலாற்று நூலாம், அதை அச்சிடுவது மாநிலத்துக்குப் பெரிய தொழிலாம். ஓட்டு கேட்கும்போது பக்தி; அரசு மதம் சாரக்கூடாது என்னும் அரசியல் சட்டத்துக்கு முன் வியாபாரக் கணக்கு. கர்த்தருடைய வார்த்தையை நம்பாதவன்கூட இவ்வளவு சிறுமைப்படுத்தமாட்டான். அன்றைய ஆளுநர் பில் ஹாஸ்லமும் மசோதாக்காரர்களின் கட்சிக்காரர்தான், விசுவாசிதான். ஆனால் இந்த மசோதா வேதத்தை மலினப்படுத்தும் என்று சொல்லி ஒப்புதல் மறுத்தார். அந்த மறுப்பை மீறி நிறைவேற்றவும் உறுப்பினர்கள் முயன்றார்கள், ஓட்டு போதவில்லை.