ஒப்புதல் யாருடையது?

ஆம்பூரில் தைக்கப்படும் காலணி கடல் கடந்து செல்கிறது. அது செல்ல அகன்ற நெடுஞ்சாலை உண்டு; இருப்புப்பாதை உண்டு; துறைமுகம் உண்டு. அதற்கு அண்மையில், வேலூர் மாவட்டத்து அணைக்கட்டுப் பகுதியில், மலையாளிப் பழங்குடியினர் வாழும் அல்லேரி மலை இருக்கிறது. அங்கே 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. நல்ல பாதை இல்லாமையால் மருத்துவமனை சேருமுன்பே உயிர் பிரிந்தது. உடலைக் கொண்டுவந்த ஊர்தி பாதி வழியில் நின்றுவிட, பெற்ற தாய் பிள்ளையின் பிணத்தைக் கையில் ஏந்தி நடந்தார். செருப்புக்குச் சாலை அமைத்த நாடு, சேய்க்குச் சாலை அமைக்கவில்லை!

ஏன்? அது காட்டு நிலம். வனத்துறையின் இசைவு வேண்டும் என்றனர். சட்டம் இல்லையா? உண்டு. சாலை, பள்ளி, மருந்தகம், குடிநீர் முதலிய 13 வகைப் பணிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டி வழங்கலாம் என்கிறது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதற்கு வேண்டுவது கிராம சபையின் பரிந்துரை. ஆனால் தமிழ்நாட்டில் 2008இல் உயர்நீதிமன்றம் இட்ட இடைக்கால ஆணையால், அதன் அனுமதியின்றி அச்சட்டப்படி பட்டா வழங்க இயலாத நிலை ஏற்பட்டது. 2016இல் உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கும்வரை மலைமக்கள் காத்துக் கிடந்தனர்.

"சரி, சாலை வரட்டும். ஆனால் குறுக்கே அவர்களுடைய சாமிக்கல் நின்றால்? மூடநம்பிக்கைக்காக முன்னேற்றம் நிற்பதா?" என்று நம் இளைஞர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. நேர்மையாகவே விடை காண்போம்.

ஏலகிரியிலும் சவ்வாது மலையிலும் புதிய கற்காலக் கைக்கோடரிகளை மக்கள் தெய்வமாக வணங்குகின்றனர். பக்தன் அதில் சாமியைக் காண்கிறான். நாம் அதில் மூதாதையின் உழைப்பைக் காண்கிறோம். மண் அள்ளும் இயந்திரமோ இரண்டையும் காண்பதில்லை. பாதுகாக்கப்பட்டதென மத்திய அரசு அறிவித்த சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடத் தடை உண்டு. அறிவிக்கப்படாத கல்லுக்குக் காவல் ஏது? அவ்வூர் மக்களின் வாய்ச்சொல் ஒன்றே.

ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் சுரங்கம் தோண்ட முனைந்தபோது, மக்களைக் கேளுங்கள் என்று 2013இல் உச்சநீதிமன்றம் பணித்தது. 12 ஊர்களின் சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. அவர்கள் போற்றும் நியமராஜா என்னும் தெய்வத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆயினும் அந்த மறுப்பை நாம் மதிக்கிறோம். சுயமரியாதை என்பது தன் வாழ்வைப் பற்றித் தானே முடிவு செய்யும் உரிமை அன்றோ? மூடநம்பிக்கையை எதிர்த்து வாதிடுவோம். அது நம் கடமை. ஆனால் அறிவால் வெல்ல வேண்டியதை இயந்திரத்தால் இடிப்பது பகுத்தறிவு ஆகாது, அது ஆதிக்கம்.

ஒப்புதல் கேளாத முன்னேற்றத்தின் விளைவைப் பாலாற்றங்கரை அறியும். தோல் பதனிடும் கழிவை ஆற்றில் விடுமுன் கரையோர உழவனை யார் கேட்டார்? மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2025 சனவரியிலும் இழப்பீட்டுக்கும் ஆற்றின் சீரமைப்புக்கும் அதே நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. கெடுக்கக் கேட்காதவர்கள், கெடுத்த பிறகும் கொடுக்கத் தயங்கினர்!

கேட்காமல் சுரங்கம் தோண்டுவதும் ஆதிக்கம். கேட்டும் சாலை மறுப்பதும் ஆதிக்கம். இரண்டிலும் மலைமகனின் சொல்லுக்கு மதிப்பில்லை. "வேண்டும்" என்று அவன் சொன்னால் பாதை பிறக்க வேண்டும். "வேண்டாம்" என்றால் இயந்திரம் நிற்க வேண்டும்.

தோழர்களே! கிராம சபை கூடும் நாளில் மலை ஏறுங்கள். சட்டத்தைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். முடிவை மட்டும் அவர்களிடமே விட்டு இறங்கி வாருங்கள்.