கிழவரின் கைகள்

சீடன்: ஐயா, பள்ளியில் ‘கடலும் கிழவனும்’ நாவல் பாடம். கதை தெரியும். 84 நாளாக மீன் படாத கியூபாக் கிழவர் சாந்தியாகோ தனியே கடலுக்குப் போகிறார். 18 அடி மார்லின் மீனைப் பிடிக்கிறார். சுறாக்கள் தின்றது போக எலும்போடு கரை சேர்கிறார். உட்பொருள் என்ன என்று கேட்டால்தான் வாயடைத்துப் போகிறேன்.

குரு: உன் நோட்ஸ் என்ன சொல்கிறது?

சீடன்: கிழவர் ஏசுவாம். பாய்மரத்தைத் தோளில் சுமந்து மேடேறுவது சிலுவையாம். கைக்காயம் ஆணிக்காயமாம்.

குரு: தப்பென்று சொல்லமாட்டேன். நாவல் வந்த 1952இலேயே, கலை விமர்சகர் பெரென்சனுக்கு எழுதிய கடிதத்தில், இதில் குறியீடு எதுவும் இல்லை என்றார் ஹெமிங்வே. எழுதியவர் சொல்லிவிட்டார் என்பதற்காக வாசிப்பு முடிந்துவிடாது. அது கிடக்கட்டும். காயம் எப்படி வந்தது?

சீடன்: தூண்டில் கயிறு அறுத்தது.

குரு: எந்தக் கையை?

சீடன்: நினைவில்லை, ஐயா.

குரு: அங்கேதான் நீ நின்றிருக்க வேண்டும். முதலில் வலக்கை அறுபடுகிறது. பிறகு இடக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு பறவைக்கால்போல மடங்கிவிடுகிறது. அந்தக் கைக்குத் தெம்பு வரட்டும் என்று சூரை மீனைக் கீறிப் பச்சையாகத் தின்கிறார். கொஞ்சம் உப்போ எலுமிச்சையோ இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது அவருக்கு. பிணங்கிய பிள்ளையிடம் பேசுவதுபோலத் தன் கையிடமே பேசுகிறார். பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள், பேச? இதையெல்லாம் தாண்டிப்போய்ச் சிலுவையை மட்டும் எழுதினால் மதிப்பெண் வரும், கிழவர் வரமாட்டார்.

சீடன்: அப்படியானால் குறியீடு தேடவே கூடாதா?

குரு: தாராளமாகத் தேடு, கையைப் பார்த்த பிறகு. கடைசியில் ஒரு சுற்றுலாப் பெண்மணி வருகிறாளே?

சீடன்: எலும்பைக் காட்டி என்னவென்று கேட்கிறாள். பரிமாறுகிறவர் நடந்ததைச் சொல்லவந்து, சுறா என்று தொடங்குகிறார். அது சுறாவின் எலும்பு என்றே அவள் நினைத்துக்கொள்கிறாள்.

குரு: அன்று காலை, கிழவரிடம் மீன்பிடிக்கக் கற்ற சிறுவன் மனோலின் குடிசைக்கு வருகிறான். கிழவர் மூச்சுவிடுகிறாரா என்று பார்க்கிறான். அந்தக் கைகளைப் பார்க்கிறான். காபி வாங்கப் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே போகிறான்.

சீடன்: (சற்றுநேரம் பேசாமல் இருந்து) நான் அந்தப் பெண்மணியைப் போலத்தான் படித்திருக்கிறேன், ஐயா.

குரு: நூற்றுச் சொச்சம் பக்கம்தானே? நோட்ஸை மூடிவிட்டு இன்றிரவே முதல் பக்கத்திலிருந்து தொடங்கு. கயிறு வரும் இடமெல்லாம் நின்று படி.