சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

1954 ஜனவரி. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் சென்ற வண்டி விபத்துக்குள்ளானது. தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது; முகத்திலும் ஆழமான காயம். அவரால் இனி முன்போல் எழுந்து நடக்க முடியாது.

கடவுளை நம்புகிறவருக்கு இப்படி நேரலாமா? வேதாகமத்தில் துன்பப்பட்ட யோபுவும் இதைத்தான் கேட்டார். கேட்டதற்காகக் கடவுள் அவரைத் தள்ளிவிடவில்லை. அழுது புலம்புவதும் ஜெபம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மேரிக்குக் கால்கள் திரும்பவில்லை; கைகள் இருந்தன. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சீராக்கும் அறுவை சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் அப்போது அங்கே மேம்படுத்திக்கொண்டிருந்தார். நன்றாக இயங்கும் தசைநாண் ஒன்றை இடம் மாற்றி, செயலற்ற விரலோடு இணைக்கும் நுட்பமான வேலை. உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடி அதைச் செய்தார். ஊரே தொடத் தயங்கிய கைகளைத் தம் கைகளில் ஏந்தினார்.

பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். தான் பெற்ற ஆறுதலால் பிறரைத் தேற்றுவது பற்றிக் கொரிந்தியருக்குப் பவுல் எழுதியிருக்கிறாரே, அது இங்கே கண்கூடாக நடந்தது. தண்டுவடம் பாதித்து, வாழ்க்கையே முடிந்தது என்று வந்தவர்களுக்கு மருத்துவம் பார்த்த டாக்டரும் சக்கர நாற்காலியில்தான் வந்தார். 1966இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் இன்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.