ஆமை புகுந்த வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் ஊரில் வாய்க்கால் ஆமை ஒன்று தப்பித்தவறி முற்றத்துக்கு வந்துவிட்டால், அதைச் சாக்கில் போட்டுக் குளத்தில் விட்டுவிட்டு வந்த பிறகுதான் வீட்டில் மறுவேலை நடக்கும். இப்போது நான் குடியிருக்கும் சீஷெல்ஸில், மாஹே தீவின் மலைச்சரிவில், ஆமைக்காகவே கொல்லையை ஒதுக்கிய வீடுகள் உண்டு. ஒரு மீட்டரைத் தாண்டும் ஓடும் 200 கிலோவுக்கு மேல் எடையுமாக வாழைமரத்தடியில் படுத்திருக்கும் அந்த உயிர்களுக்கு அல்டாப்ரா ராட்சத ஆமை என்று பெயர். பக்கத்து வீட்டில் இரண்டு இருக்கின்றன. பெரியது அந்த வீட்டுப் பாட்டியின் மாமனார் காலத்தது. பாட்டிக்கே எண்பது நெருங்குகிறது.

நாய் வளர்க்கிறவர்கள் ஒருநாள் அதைப் புதைக்க வேண்டிவரும் என்று தெரிந்தேதான் வளர்க்கிறார்கள். இங்கே கணக்கு தலைகீழ். வளர்ப்பவர் போன பிறகும் ஆமை அதே வாழைமரத்தடியில் இருக்கும், பசியோடு இருக்கும், யாரோ ஒருவர் தண்ணீர் காட்ட வேண்டும். நம் ஆயுளுக்குள் முடியாத ஒரு பொறுப்பைத் தொடங்க நமக்கு என்ன உரிமை? இந்தத் தீவுக்கு வந்ததிலிருந்து என்னை விடாத கேள்வி இது.

பழைய காலத்தில் இங்கே இந்தக் கேள்விக்கு இடமே இருந்திருக்காது. பெண் குழந்தை பிறந்தால் ஓர் ஆமைக்குஞ்சை வளர்க்கத் தொடங்குவார்களாம். அவள் கல்யாணத்தன்று அது விருந்தாகிவிடும். ஆமையின் ஆயுளை ஒரு பெண்ணின் கன்னிப்பருவத்தோடு முடித்துவைத்த வழக்கம் அது. கப்பல்காரர்களும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். மாதக்கணக்கில் தீனி தண்ணீர் இல்லாமல் உயிரோடு கிடக்கும் என்பதால் ஆமைகளை உயிருள்ள இறைச்சியாகக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கினார்கள். மொரீஷியஸ், ரியூனியன், ரோட்ரிக்ஸ் தீவுகளின் ராட்சத ஆமை இனங்கள் இப்படித்தான் பூண்டோடு அழிந்தன. அல்டாப்ராவிலாவது எஞ்சட்டும் என்று 1874-இல் மொரீஷியஸ் ஆளுநருக்கு விண்ணப்பம் எழுதியவர்களில் சார்லஸ் டார்வினும் ஒருவர். அந்தப் பவளத்தீவு 1982-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இன்று அங்கே சுமார் ஒரு லட்சம் ஆமைகள் வாழ்கின்றன.

கல்யாண விருந்து வழக்கொழிந்தது, கொல்லக்கூடாது என்றானது. அங்கேதான் புதிய சிக்கல் பிறந்தது என்று நினைக்கிறேன். ஆமை அந்தப் பெண்ணின் கல்யாணத்தைத் தாண்டியது, அவள் பிள்ளைகளின் கல்யாணத்தையும் தாண்டியது. கொல்லாமல் விட்டால் புண்ணியம் முடிந்துவிடுவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அதற்குப் பிறகு நூறு வருஷம் சோறு போடுவது யார் என்பதை எந்தப் புண்ணியக் கணக்கிலும் எழுதுவதில்லை.

வளர்ப்பு முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை போலத்தான் முதலில் தோன்றும். புல், வாழைத்தண்டு, தழை, எப்போதாவது மரத்தடியில் விழுந்த மாம்பழம். உடல் நனைய இறங்கும் ஆழத்தில் ஒரு தொட்டி, கொஞ்சம் சேறு. நடுப்பகலில் கட்டாயம் நிழல். அல்டாப்ராவிலேயே நிழலுக்குப் போய்ச்சேர முடியாத ஆமைகள் வெயிலில் வெந்து சாவதுண்டு. மல்லாக்கப் புரண்டுவிட்டால் உடனே நிமிர்த்த வேண்டும், ஏனென்றால் அதன் நுரையீரல் முதுகு ஓட்டின் அடியில் இருக்கிறது. மல்லாந்தால் உள்ளுறுப்புகளின் பாரம் அதன்மேல் இறங்கும். ஓடு மரக்கட்டை போலத் தெரிந்தாலும் அதற்குத் தொடுவுணர்ச்சி உண்டு. பாட்டி கழுத்தடியில் விரல் வைத்தால் போதும், பெரியது நான்கு காலையும் ஊன்றி எழுந்து, கழுத்தை முழுக்க நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். நானும் செய்து பார்த்திருக்கிறேன், எனக்கும் எழுந்து நின்றது. அந்த நேரத்தில் உண்டாகும் நெகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல என்னால் ஆகவில்லை.

ஆனால் கஷ்டம் முதல் சில வருஷங்களில் இருக்கிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு உள்ளங்கைக்குள் அடங்கும். அந்தப் பருவத்தில் காற்றில் ஈரம் போதாமல் வறண்ட அறையில், சூடேற்றும் விளக்கின் அடியில் வளர்த்தால், ஓட்டின் கட்டங்கள் ஒவ்வொன்றும் கூம்பு கூம்பாகப் புடைத்துவிடும். ஆப்பிரிக்க முள்தொடை ஆமைக் குஞ்சுகளை வைத்து வியன்னாவில் நடத்திய ஆய்வொன்று 2003-இல் வெளியானது. புரதத்தைவிடக் காற்றின் ஈரப்பதம்தான் இந்தப் புடைப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று அது காட்டியது. புடைத்த ஓடு பிறகு சமமாவதில்லை. முதல் வளர்ப்பாளரின் அறியாமை, அவர் பெயரை எல்லோரும் மறந்த பிறகும், நூறு வருஷம் அந்த முதுகிலேயே இருக்கும். பிள்ளைகளிடம் நாம் செய்வதும் ஏறக்குறைய இதுதானே என்று தோன்றி, ஓர் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அமெரிக்காவின் அரிசோனாவில் இந்த முள்தொடை ஆமைகள் வீடு வீடாகக் கைமாறுகின்றன. கடையில் பார்க்கும்போது அழகான குஞ்சு. வளர்ந்தால் 40, 50 கிலோ. தோட்டத்தில் ஆள் நுழையுமளவு வளை தோண்டும், வேலியை முட்டித் தள்ளும். வீடு மாறும்போது அதைக் காப்பகத்தில் விட்டுவிடுகிறார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கிய அன்று அவர்கள் கண்முன் இருந்தது அந்தக் குஞ்சு மட்டும்தான். நம் ஊரிலும் நட்சத்திர ஆமையைத் தொட்டியில் வைத்தால் அதிர்ஷ்டம் என்று ரகசியமாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் எனக்கு முழுச் சம்மதம்.

செயின்ட் ஹெலினா தீவின் ஜொனாதனை நினைக்கும்போது மட்டும் மனம் கொஞ்சம் ஆறும். 1882-இல் சீஷெல்ஸிலிருந்து போனபோதே அது முழு வளர்ச்சி பெற்ற ஆமை. அதனால் பிறந்த வருஷம் 1832 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆளுநர் மாளிகைப் புல்வெளியில் அதற்கு இடம். அங்கே ஆளுநர்கள் வருவார்கள், பதவிக்காலம் முடிந்து போவார்கள். ஆமை அந்தப் பதவியோடு சேர்ந்தது, ஆளோடு அல்ல. முதுமையில் கண் போயிற்று, மோப்பமும் போயிற்று. அலகு மழுங்கிப் புல்லைக் கடிக்க முடியாமல் மெலிந்துகொண்டிருந்ததைக் கால்நடை மருத்துவர் ஜோ ஹாலின்ஸ் கவனித்து, வாரம் ஒருமுறை கோஸ், கேரட், வெள்ளரி, வாழைப்பழம் என்று கையால் ஊட்டத் தொடங்கினார். அலகு மறுபடி கூர்மையானது. 1882-இல் அதைக் கரை இறக்கியவருக்கு இந்த மருத்துவர் வருவார் என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் யாரோ ஒருவர் வரும்படியான ஓர் ஏற்பாட்டில் ஆமை இருந்தது.

கொல்கத்தா அலிப்பூர் உயிரியல் பூங்காவில் 2006 மார்ச்சில் இறந்த அத்வைதா என்ற ஆமைக்கு அந்த ஏற்பாட்டில் ஒரு பாதிதான் கிடைத்தது. ராபர்ட் கிளைவின் தோட்டத்தில் இருந்தது, வயது 250 என்றெல்லாம் சொன்னார்கள். உறுதிப்படுத்த ஆவணம் இல்லை. அதைப் பார்த்துக்கொண்ட கைகள் எத்தனையோ இருந்திருக்கும். ஒருவரும் எழுதிவைக்கவில்லை, அல்லது எழுதியது தங்கவில்லை. பிரபுவின் பெயர் மட்டும் மிஞ்சியது.

ஆமைக்கு ஆள் மாறினால் தெரியுமா என்று கேட்பவர்கள் உண்டு. வியன்னா, சூரிச் உயிரியல் பூங்காக்களின் ராட்சத ஆமைகளுக்குப் பந்தைக் கடித்தால் தீனி என்று பழக்கினார்கள். ஒன்பது வருஷம் கழித்து வியன்னாவில் மீண்டும் சோதித்தபோது ஆமைகள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை என்று 2019-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒவ்வொரு கையும் அதற்குள் எங்கோ தங்குகிறது என்றே நான் நம்புகிறேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு நோட்டு வைத்திருக்கிறார். மாமனார் தொடங்கியது. எந்த மாதம் முட்டை, எத்தனை பொரிந்தன, எந்தச் செடியைத் தின்று வயிறு போயிற்று, ஓட்டின் நீளம் எவ்வளவு என்று மூன்று கையெழுத்துகளில் இருக்கிறது. மூன்றாவது பேரனுடையது. ஆமைகளைப் பற்றிப் பாட்டி பேசும்போது ‘என்னுடையது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. தொடங்க உரிமை உண்டா என்ற என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இந்த நோட்டுதான்: அடுத்த கை எதுவென்று தெரிந்தவருக்கு உண்டு. அன்பு மட்டும் போதாது. அன்பு எல்லோரிடமும் இருக்கிறது.

இந்த வருஷம் பொரிந்த குஞ்சுகளில் ஒன்றை அனுமதி வாங்கி எனக்குத் தருவதாகப் பாட்டி சொன்னார். ஆசை இல்லை என்றால் பொய். நான் வாடகை வீட்டில் இருப்பவள், வேலை அனுமதி முடிந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியவள், என் நோட்டில் இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் கிடையாது. வேண்டாம் என்றேன். பேரன் பிராலின் தீவில் வேலைக்குப் போயிருப்பதால், தொட்டியைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் நிரப்புவதை நான் ஏற்றிருக்கிறேன். மேல்வீட்டுக்கு ஓர் இளம் தம்பதி வந்திருக்கிறார்கள். நான் கிளம்புவதற்கு முன் அவர்களுக்கு அந்த வேலையைப் பழக்கிவிட வேண்டும். வரும் ஞாயிறு தொட்டி கழுவ அவர்களையும் கூப்பிட்டிருக்கிறேன்.