கயிற்றை அவரிடம் கொடுங்கள்

சாயங்கால நேரம். அமெரிக்காவின் ஜார்ஜியா கரையோரம். கோரை மண்டிய கழியோடை ஒன்றில் இரவு தங்க இடம் பார்த்து ஒரு விசைப்படகு வந்து நிற்கிறது. படகின் முன்முனையான அணியத்தில் அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் குனிந்து நங்கூரத்தோடு மல்லுக்கட்டுகிறார். கூரை நிழலில் சுக்கானை இரண்டு விரலால் பிடித்தபடி கணவர் கத்துகிறார்: "இப்போ போடு! ஐயோ, இப்போ இல்லை! ஏன் போட்டே?"

இந்தக் காட்சியை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பலசாலி உட்கார்ந்திருக்கிறார், முதுகுவலிக்காரர் பளு தூக்குகிறார். சுக்கானைத் திருப்ப எவ்வளவு பலம் வேண்டும்? சப்பாத்தி மாவு பிசைகிறவருக்கு அதில் பாதி போதும். நங்கூரம் இறக்கும்போது பலமுள்ளவர் முன்னால் போக வேண்டும், மற்றவர் சுக்கானில் நிற்க வேண்டும். பழகிய படகோட்டிகள் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம் இது. ஆனாலும் ஜோடி ஜோடியாக வரும் படகுகள் பலவற்றில் ஏற்பாடு தலைகீழாகவே இருக்கிறது. "எனக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்ற ஒரே ஒரு வாக்கியம்தான் காரணம்.

தெரியாதா? வாருங்கள், பார்த்துவிடுவோம்.

முதலில் அந்தப் படகு போகும் வழி. வர்ஜீனியாவின் நோர்ஃபோக்கில் தொடங்கி மயாமி வரை சுமார் 1,090 மைல் நீளும் நீர்வழி இது. இன்ட்ராகோஸ்டல் என்பார்கள். வெளியே அட்லாண்டிக் சீறும். ஹாட்டரஸ் முனையின் மணல்திட்டுகள் விழுங்கிய கப்பல்களுக்குக் கணக்கில்லை. அந்தச் சீற்றத்துக்குள் போகாமல், கரைக்கு உள்பக்கமாகவே ஆறு, விரிகுடா, கழி, வெட்டிய கால்வாய் என்று ஒன்றோடொன்று கோத்துத் தைத்த பாதை. (நம் பக்கிங்ஹாம் கால்வாயும் இதே புத்தியில் பிறந்ததுதான். நாம் அதைத் தூர்த்துச் சாக்கடையாக்கினோம், அது வேறு வயிற்றெரிச்சல்.) இலையுதிர் காலம் வந்தால் வடக்கேயிருந்து ஓய்வுபெற்ற தம்பதிகள் குளிருக்குத் தப்பி இந்த வழியாகத் தெற்கே இறங்குகிறார்கள். நாளுக்கு 50 மைல் போனால் 22 நாள்.

வழி எப்படித் தெரியும்? தெற்கே போகும்போது சிவப்பு அடையாளம் வலக்கைப் பக்கம், பச்சை இடக்கைப் பக்கம். சில ஆற்றுமுகங்களில் சிவப்பும் பச்சையும் கட்சி மாறிவிடும். அங்கே அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் மஞ்சள் குறியைப் பாருங்கள்: முக்கோணம் வலம், சதுரம் இடம். மஞ்சள் கட்சி மாறாது. அவ்வளவுதான். இதைப் படித்து முடித்த இந்த நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இதற்கா இத்தனை வருடம் பயந்தீர்கள்?

"தரை தட்டினால்?"

தட்டும்! ஜார்ஜியாவில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஏழடிக்கும் மேல் போகும். அங்கே சேற்றில் சொருகாத படகு அபூர்வம். நீர் ஏறும் நேரத்தில் தட்டினால் காப்பி போட்டுக் குடியுங்கள், நீரே தூக்கிவிடும். வற்றும் நேரத்தில் தட்டினால் பல மணி நேரம் சாய்ந்து கிடக்க வேண்டியதுதான். அவமானமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்! சேற்றில் மாட்டியவர் அடுத்த நாள் நீரேற்ற அட்டவணையைப் பார்க்காமல் எஞ்சினைத் தொடமாட்டார். அணியத்தில் கயிறு பிடித்து நின்றவருக்கு அந்தப் படிப்பும் கிடைக்காது, திட்டு மட்டும்தான் கிடைக்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஆல்பமார்ல் சவுண்டின் நடுவில் இருக்கிறீர்கள். ஆழம் குறைந்த பரப்பு, காற்று எழுந்தால் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து அறையும். அந்த நேரம் பார்த்துக் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். வானொலியில் 16ஆம் அலைவரிசையைத் திறந்து "மேடே" என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று யார் சொல்லப்போகிறார்கள்? "எனக்குத் தெரியாதுங்க" என்று அலையிடமா சொல்வீர்கள்?

இதே நீர்வழியில்தான் சார்ல்ஸ்டன் துறைமுகம் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் மோதிய காலம், 1862ஆம் ஆண்டு மே 13, விடிவதற்கு முன். ராபர்ட் ஸ்மால்ஸ், 23 வயது, அடிமை. பிளாண்டர் என்ற நீராவிக் கப்பலை ஓட்டியவன் அவன்தான், துறைமுக வழியின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அவனுக்கு மனப்பாடம். ஆனால் 'பைலட்' என்ற பட்டத்தைக் கறுப்பனுக்குத் தர மாட்டார்கள், சக்கரம் பிடிக்கிறவன் என்றே சொன்னார்கள். வெள்ளை அதிகாரிகள் கரையில் உறங்கிய அந்த இரவில் அவனும் கூட்டாளிகளும் கப்பலைக் கிளப்பி, குடும்பங்களை ஏற்றிக்கொண்டார்கள். கேப்டனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கேப்டன் நிற்கும் தோரணையில் நின்று, கோட்டைக்குக் கோட்டை சரியான விசில் சமிக்ஞை கொடுத்து, ஃபோர்ட் சம்டரின் பீரங்கிகளைத் தாண்டினான். பிடிபட்டால் சாவு என்று தெரிந்தே மனைவி ஹானாவும் குழந்தைகளோடு உள்ளே இருந்தாள். ஓட்டலில் வேலை செய்தவள் அவள். எதிரே நின்ற வடக்கத்திக் கப்பல் சுட்டுவிடாதபடி கொடிமரத்தில் ஏறியது ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு!

மறு வருடமே ஸ்மால்ஸ் அந்தக் கப்பலுக்குக் கேப்டன். 1875இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். அவர் பிறந்த பியூஃபோர்ட் ஊரில், தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டையே வாங்கினார். இன்று உல்லாசப் படகுகள் அந்த ஊர்க்கரையைத் தொட்டபடி போகின்றன. பட்டம் கொடுக்காவிட்டாலும் அவர் சக்கரத்தைக் கற்றிருந்தார். உங்கள் கையைப் பிடித்திருப்பது யார்? படகுகூட வேண்டாம், வீட்டு வாசலில் கார் நிற்கிறது, கைப்பையில் லைசென்ஸ் இருக்கிறது, ஸ்டியரிங்கைத் தொட்டுப் பத்து வருடம் ஆகிறது. எந்தக் கோட்டையின் பீரங்கி உங்களைக் குறிபார்க்கிறது?

ஐயா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி திருப்பும்போது பக்கத்தில் நின்று காலால் கற்பனை பிரேக் அழுத்தாதீர்கள். அணியத்துக்குப் போங்கள். ஆழம் பத்தடி என்றால், நீரிலிருந்து அணியத்தின் உயரத்தையும் கூட்டி அதைப்போல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும், அந்த வேலையைப் பாருங்கள்.

அக்கா, நோர்ஃபோக் ஊரை ஒட்டிய ஆற்றில் 36 என்று எழுதிய சிவப்பு மிதவை ஒன்று இருக்கிறது. மைல் கணக்கு அங்கேதான் பூஜ்யம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, கட்டுக்கயிற்றை அவர் அவிழ்த்துவிட்டார். மிதவையை வலப்பக்கம் விட்டு மெல்லத் திருப்புங்கள்.