போதையில் இருப்பது யார்?

குடித்திருக்கும் பெண் தரும் சம்மதம் சம்மதமாகுமா? வல்லுறவுச் சட்டத்தைப் பற்றி வகுப்பில் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. பெரும்பாலும் ஒரு மாணவன்தான் கேட்பான். அதன் பின்னாலேயே இன்னொன்றும் வரும். "ரெண்டு பேருமே குடிச்சிருந்தாங்கன்னா? புத்தி தெளிவா இல்லைன்னு அந்தப் பொண்ண விட்டுருவீங்க. அதே போதைல இருந்த பையனுக்கு மட்டும் ஜெயிலா? இது என்ன நியாயமுங்க மேடம்?" மாணவிகள் வாய் திறப்பதில்லை. பேசினால் அந்தக் குடித்த பெண்ணோடு தங்களையும் சேர்த்துவிடுவார்களோ என்கிற அச்சம் அவர்களுக்கு.

இதைக் குதர்க்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இதில் உண்மையான அறச்சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரே போதை ஒருத்திக்குப் பாதுகாப்பாகவும் இன்னொருவனுக்குப் பொறுப்பாகவும் எப்படி இருக்க முடியும்? பெண்ணியம் பேசுகிறவர்கள் இதற்கு நேராகப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவாகியிருக்கிறது. மனநலக் குறைவாலோ போதையாலோ, கொடுக்கப்பட்ட மயக்கப்பொருளாலோ, தான் எதற்குச் சம்மதிக்கிறோம், அதன் விளைவு என்ன என்று புரிந்துகொள்ள முடியாத நிலையில் ஒரு பெண் தந்த சம்மதம் சம்மதமல்ல என்கிறது அது. இந்த உட்கூறு 1860இல் சட்டம் எழுதப்பட்டபோது வல்லுறவுப் பிரிவில் இல்லை. 1983இல்தான் சேர்க்கப்பட்டது. இத்தனைக்கும் அதே 1860 சட்டத்தின் 90ஆம் பிரிவு, போதையில் புரிதல் இழந்தவர் தரும் சம்மதம் செல்லாது என்று பொதுவாகவே சொல்லியிருந்தது. ஆண், பெண் பேதமில்லாமல் எல்லோருக்குமான விதி அது. எல்லாவற்றுக்கும் தெரிந்திருந்த நியாயம், பெண்ணின் உடல் என்று வரும்போது தனியாக எழுதிக்காட்ட வேண்டியிருந்தது. அதற்கு 123 ஆண்டுகள் ஆயின.

1983ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னால் மதுரா என்று அறியப்பட்ட ஆதிவாசிச் சிறுமியின் வழக்கு இருக்கிறது. 1972இல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் ஒரு காவலர் அவளை வல்லுறவுக்கு உட்படுத்தினார் என்பது வழக்கு. உடம்பில் காயமில்லை, அவள் கூச்சலிடவில்லை, ஆகவே இசைந்திருக்கிறாள் என்ற தர்க்கத்தில் உச்ச நீதிமன்றம் 1978இல் குற்றம் சாட்டப்பட்ட காவலர்களை விடுவித்தது. உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979இல் எழுதிய திறந்த மடல் நாடெங்கும் பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. பணிதல் வேறு, சம்மதம் வேறு என்பதை இந்தியச் சட்டம் கற்றுக்கொள்ளத் தொடங்கியது அங்கிருந்துதான். அந்த வழக்கில் குடித்திருந்தவர் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. இரண்டாவது காவலரும் அவளிடம் அத்துமீறினார். அளவுக்கு மீறிய போதையில் இருந்ததால்தான் அவரால் வல்லுறவு கொள்ள முடியவில்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். மதுராவோ துளியும் குடிக்காதவள்.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். பதிலை நம் சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்தே எடுக்கலாம்.

ஒருவருக்குச் சாராயம் வாங்கிக்கொடுத்து, போதையில் கைநாட்டு வாங்கி, அவருடைய இரண்டு ஏக்கர் காட்டை யாரோ கிரயம் செய்துகொண்டார் என்று வைத்துக்கொள்வோம். கேள்விப்படும் எவரும் அந்தப் பத்திரத்தை ஏற்கமாட்டார்கள். "நெதானத்துல இல்லாதவன்கிட்ட எழுதி வாங்கறதெல்லாம் ஒரு கிரயமா?" என்பார்கள். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. விதிகளைப் புரிந்துகொள்ள முடியாத அளவுக்குக் குடித்திருப்பவன் அந்த நிலையில் ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது என்று அதன் 12ஆம் பிரிவில் எடுத்துக்காட்டே தரப்பட்டிருக்கிறது. 'குடித்தது அவன் குற்றம்தானே, நிலம் போனால் போகட்டும்' என்று அந்த எடுத்துக்காட்டு சொல்லவில்லை.

இன்னொரு பக்கம், நாமக்கல்லும் சங்ககிரியும் லாரியால் வாழும் ஊர்கள். குடித்துவிட்டு வண்டியோட்டி ஓர் ஆளின் மேல் ஏற்றிய ஓட்டுநரை, பாவம், போதையில் தெரியாமல் செய்துவிட்டார் என்று இங்கே யாரும் விடுவதில்லை. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டியைத் தொட்டதே குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். போதை அவர் குற்றத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. தானாக விரும்பிக் குடித்தவனை, குடிக்காமல் இருந்தால் என்ன அறிவு இருந்திருக்குமோ அந்த அறிவோடு இருந்தவனாகவே கருத வேண்டும் என்கிறது தண்டனைச் சட்டமும்.

இந்த இரண்டு நியாயங்களுக்கும் முரண்பாடில்லை. ஒன்று, நாம் பிறருக்குத் தரும் அனுமதியைப் பற்றியது. மற்றது, நாம் பிறருக்குச் செய்யும் செயலைப் பற்றியது. போதை அனுமதியைச் செல்லாததாக்கும். செயலுக்கான பொறுப்பை நீக்காது. குடித்த பெண் வண்டியோட்டி ஒருவரைக் கொன்றால் அவளும் குற்றவாளிதான். குடித்த ஆணிடம் கைநாட்டு வாங்கினால் அவனுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆக, வகுப்பறைக் கேள்வியில் தெரிகிற பாரபட்சம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானதாகத் தோன்றினாலும், செய்தவருக்கும் செய்யப்பட்டவருக்கும் இடையிலான வேறுபாடுதான் அது. இருவரும் குடித்திருந்தாலும் அந்த வேறுபாடு அழிந்துபோவதில்லை.

நிலத்துக்கும் லாரிக்கும் நாம் சரியாகப் பொருத்துகிற இந்த நியாயத்தை, பெண்ணுடல் என்று வந்தால் தலைகீழாக்கிவிடுகிறோம். ஆண் குடித்திருந்தால் "குடிச்சுப்போட்டு ஏதோ பண்ணிப்போட்டான், உடு" என்று பொறுப்பு கழன்றுவிடுகிறது. பெண் குடித்திருந்தால் "குடிக்கப் போனவளுக்கு இது வேணும்" என்று பொறுப்பு ஏறிவிடுகிறது. ஊர்வாய்தான் இப்படிப் பேசுகிறது என்றும் சொல்ல முடியாது. டெல்லியில் ஒரு மதுக்கூடத்தில் குடித்துத் தளர்ந்திருந்த மாணவி தொடுத்த வல்லுறவு வழக்கில், அலகாபாத் உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பிணை வழங்கியது. அந்த உத்தரவில், தொல்லையை அவளே வரவழைத்துக்கொண்டாள், அவளும் பொறுப்பு என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. பிணை கொடுப்பது வேறு, இப்படி எழுதுவது எதற்கு என்று உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே கண்டித்தது. சாராயம் குடித்து நிலத்தை இழந்தவரிடம் எந்த நீதிமன்றமும் இப்படிப் பேசி நான் படித்ததில்லை.

பெண்ணியவாதிகளுக்கு உண்மையாகவே கடினமான இடம் இதற்கு அடுத்தது. ஒரு மிடறு குடித்தாலும் பெண்ணின் சம்மதம் செல்லாது என்று சொல்லிவிடலாமா? கூடாது. அப்படிச் சொன்னால் குடிக்கும் பெண்ணை நாமே சிறுமியாக்கிவிடுகிறோம். அவளுடைய விருப்பத்துக்கும் ஆசைக்கும் மதிப்பில்லாமல் போகும். பெண்ணுக்கு விருப்பமே கிடையாது, அவளைக் காக்க மட்டும்தான் வேண்டும் என்று சொல்லும் பழைய காவல் நியாயம் வேறு வழியாக உள்ளே வந்துவிடும். இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் ப்ரீ என்ற வழக்கில் இதைத்தான் எதிர்கொண்டது. போதையில் தந்த சம்மதமும் சம்மதமாக இருக்கலாம். ஆனால் ஒருத்தி நினைவிழப்பதற்கு வெகுமுன்பே சம்மதிக்கும் திறனை இழந்துவிடவும் கூடும் என்றது அந்தத் தீர்ப்பு. நம் சட்டமும் குடித்தாளா என்று கேட்கவில்லை. புரிந்துகொள்ள முடிந்ததா என்றுதான் கேட்கிறது.

கோடு எங்கே என்று முன்கூட்டியே வரைந்து காட்ட முடியாது. ஆனால் யாரை நோக்கிக் கேள்வி கேட்பது என்று தீர்மானிக்க முடியும். எவ்வளவு குடித்தாய், ஏன் போனாய், ஏன் கத்தவில்லை என்பவை எல்லாம் அவளை நோக்கியவை. அவள் விரும்புகிறாள் என்று உனக்கு எப்படித் தெரிந்தது, தெரிந்துகொள்ள நீ என்ன செய்தாய் என்பது அவனை நோக்கியது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் சம்மதத்துக்குத் தந்த விளக்கம் இந்தத் திசையில்தான் போகிறது. சொல்லாலோ சைகையாலோ வேறு வகையிலோ வெளிப்படுத்தப்பட்ட, ஐயத்துக்கு இடமற்ற, தன்விருப்பமான உடன்பாடுதான் சம்மதம். எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது. அப்படியிருந்தும் 2017இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், முன்பே பழகியவர்களுக்கிடையில் பெண் வலுவில்லாமல் சொன்ன 'வேண்டாம்' ஆணுக்கு 'வேண்டாம்' என்றே கேட்டிருக்கும் என்று சொல்ல முடியாது என்ற தொனியில் பேசி, ஐயத்தின் பலனை அவனுக்குத் தந்தது. மெல்லப் பேசு என்று பிறந்ததிலிருந்து பழக்கப்படுத்தப்பட்டவளிடம், நீ மெல்லச் சொன்னாய் என்று குறை சொன்னால் அவள் எங்கே போவாள்? பெண் பார்க்க வந்த இடத்தில் தலைகுனிந்து நின்றதையே "புள்ளைக்குச் சம்மதம்" என்று எழுதிக்கொள்ளும் ஊர் நம்முடையது.

இதுவரை நாம் பேசியது குடித்த பெண்ணைப் பற்றி. சட்டத்தின் அந்த உட்கூறு கற்பனை செய்வதும் அவளைத்தான். ஆனால் இந்தச் சமவெளியில் இரவு பத்து மணிக்குப் போதையில் இருப்பது யார்? 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அரசு மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது, நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில். இன்று அதே மண்ணில் அரசின் டாஸ்மாக் கடைகள். குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் கணவன். தெளிந்த புத்தியோடு காத்திருப்பவள் மனைவி. எதற்குச் சம்மதிக்கிறோம், விளைவு என்ன என்பதெல்லாம் அவளுக்கு மிகத் தெளிவாகத் தெரியும். ஆனால் அவளுடைய 'வேண்டாம்' சட்டத்தின் காதில் விழாது. பதினெட்டு வயது நிறைந்த மனைவியோடு கணவன் கொள்ளும் உறவு வல்லுறவல்ல என்ற விலக்கு புதிய சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. அந்த விலக்கை நீக்கச் சொன்னது 2013இன் வர்மா குழு. 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இந்தக் கேள்வியில் மாறுபட்ட தீர்ப்புகளை எழுதினார்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் வன்முறையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பது உண்மை. அதன்படி அவள் பாதுகாப்பு ஆணை பெறலாம், அந்தச் செயலுக்கு வல்லுறவு என்ற பெயரைப் பெற முடியாது. குடித்த பெண்ணின் 'ஆம்' செல்லுமா என்று நுணுக்கமாக ஆராய்கிற நாம், குடிக்காத பெண்ணின் 'முடியாது' ஏன் செல்லவில்லை என்று கேட்பதில்லை. எண்ணிக்கையில் பெரியது எது என்பது இங்கே வாழும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

இந்த முடிச்சு முழுவதும் இருக்கிற ஒரு கதை நம் திருச்செங்கோட்டிலேயே இருக்கிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலில், குழந்தையில்லாத பொன்னாளைத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாளுக்கு அனுப்பக் குடும்பம் முடிவு செய்கிறது. கணவன் சரியென்றால் போகிறேன் என்பது அவள் நிலை. கணவன் காளியோ சம்மதிக்கவில்லை. சம்மதித்துவிட்டான் என்று அவளிடம் பொய் சொல்கிறார்கள். காளியை அவளுடைய அண்ணனே குடிக்கக் கூட்டிப்போய்விடுகிறான். ஆணின் சம்மதம் போதையில் மறைக்கப்படுகிறது. பெண்ணின் சம்மதம் பொய்யால் பெறப்படுகிறது. தவறான எண்ணத்தின் அடிப்படையில் தரப்பட்டது என்று பெறுபவருக்குத் தெரிந்திருந்தால் அந்தச் சம்மதம் செல்லாது என்கிறது முன்பு சொன்ன அதே 90ஆம் பிரிவு. ஏமாற்றப்பட்டவர்கள் இருவரும்தான். ஆனால் துரோகி என்ற பெயர் அவளுக்கு மட்டும் வருகிறது. நாவலுக்கு எதிராக 2014 இறுதியில் எழுந்த கொந்தளிப்பும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்று தந்த தீர்ப்பும் நமக்குத் தெரியும். அந்தச் சர்ச்சை பெரும்பாலும் ஊர்ப் பெண்களின் மானத்தைச் சுற்றியே நடந்தது. பொன்னாளின் சம்மதத்துக்கு என்ன ஆனது என்ற கேள்வி அதில் அமுங்கிப்போனது. மானம் பேசப்படும் இடத்தில் சம்மதம் பேசப்படுவதில்லை. 'கற்பழிப்பு' என்ற சொல்லை நாம் கைவிடச் சொல்வதும் இதனால்தான். அந்தச் சொல்லில் அழிவது கற்பு. மீறப்படும் விருப்பத்துக்கு அங்கே இடமே இல்லை.

மாணவனின் கேள்வியில் இன்னும் ஒரு பகுதி பாக்கியிருக்கிறது. சட்டம் ஏன் குற்றவாளியை ஆண் என்றும் பாதிக்கப்பட்டவரைப் பெண் என்றும் எழுதியிருக்கிறது? 2013 பிப்ரவரியில் வந்த அவசரச் சட்டம் இரு பக்கத்தையும் பால் பேதமற்றதாக மாற்றியது. பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. சாதியும் நிலமும் காவல் நிலையமும் ஆண்களின் கையில் இருக்கும் ஊரில், புகார் கொடுத்தவள் மேலேயே எதிர்ப்புகார் வரும் என்ற அவர்களின் அச்சம் நியாயமானது. மார்ச்சில் நிறைவேறிய சட்டம் பழையபடி ஆண், பெண் என்றே எழுதியது. குற்றவாளி பக்கத்தில் அந்த முடிவை நான் இன்றும் ஏற்கிறேன். பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் ஏற்க முடியவில்லை. 377ஆம் பிரிவு புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. இன்று மயக்கமருந்து கொடுத்து வல்லுறவுக்கு உட்படுத்தப்படும் வயதுவந்த ஆணுக்கு வல்லுறவு என்று வழக்குத் தொடுக்கப் பிரிவில்லை. திருநர் பாதுகாப்புக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் வன்முறைக்கு வைத்திருக்கும் அதிகபட்சத் தண்டனை இரண்டே ஆண்டுகள். புரிதல் இழந்தவரின் சம்மதம் செல்லாது என்பது அறமென்றால், அது எல்லா உடலுக்கும் அறம்தான். செய்தவரா, செய்யப்பட்டவரா என்பதுதான் அடிப்படை என்று மேலே வாதிட்ட பிறகு, நம் வசதிக்காக அதைப் பெண்ணோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ஆணும் பெண்ணும் ஓருடலாய் நிற்கும் தெய்வத்தை மலைமேல் வைத்திருக்கும் ஊருக்கு இது புரியாத கணக்கல்ல.

மாணவிகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. "அவ குடிச்சிருந்தாளா?" என்று யாராவது கேட்டால் தலைகுனியத் தேவையில்லை. அவன் கேட்டானா, அவள் என்ன சொன்னாள், அவள் சொன்னது அவனுக்குப் புரிந்ததா என்று திருப்பிக் கேளுங்கள். அந்த அவன் முன்பின் தெரியாதவனாக இருந்தாலும், காதலனாக இருந்தாலும், தாலி கட்டியவனாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்.