களைப்பை அளத்தலும் பிறர் சொல்லை நம்புதலும்

முடக்குவாதம் எனப்படும் நீடித்த மூட்டழற்சி நோயில் வீங்கிய மூட்டுக்களை வைத்தியர் விரலால் தொட்டு எண்ணலாம். அழற்சியின் அளவைக் குருதியிலுள்ள செங்குழியப் படிவு வீதம் ஓரளவு காட்டும். ஆயின், அந்நோயாளர் பலர் தமது நாளாந்த வாழ்வைப் பெரிதும் குலைப்பதாகக் கூறும் களைப்பைத் தொட்டறியவோ சோதனைக் குழாயில் இடவோ வழியில்லை. அதனை அறியவேண்டின் நோயாளரையே கேட்டாகவேண்டும். அவர் சொல்லை நாம் எவ்வாறு ஏற்பது? இவ்வினா வைத்தியருக்கு மட்டும் உரியதன்று; அறிவாராய்ச்சியியலும் ஒழுக்கவியலும் ஒருங்கே எதிர்ப்படும் இடம் இது.

களைப்பை அளக்கும் ஆசை புதியதன்று. இத்தாலியரான அஞ்செலோ மொஸ்ஸோ 1884இல் அமைத்த கருவியில், ஒருவர் ஒரு விரலால் நிறையொன்றை மீண்டும் மீண்டும் இழுக்க, அவ்விழுப்பு தளர்ந்து செல்வது கோடாகப் பதியப்பட்டது. பின்னர் 1921இல் பேணாட் மூசியோ என்னும் உளவியலாளர், களைப்புக்கு ஒரு சோதனை சாத்தியமா என வினவி, இல்லையென்றே முடித்தார். சோதனை அளப்பது களைப்பையே என்று சரிபார்க்க வேறோர் அளவுகோல் நம்மிடம் இல்லையே என்பது அவர் வாதம். ஆதலால் அச்சொல்லையே துல்லியமான விஞ்ஞான உரையாடலிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்றார். அவரது தர்க்கத்தில் பிழை காண்பது எளிதன்று. ஆனால், சொல்லை நீக்கியதனால் எவருடைய களைப்பும் நீங்கவில்லை.

முடக்குவாத ஆய்விலும் ஏறத்தாழ இவ்வாறே நிகழ்ந்தது. அமெரிக்க வாதநோய் வைத்தியர் கல்லூரி 1993இல் மருந்துச் சோதனைகளுக்கென வகுத்த ஏழு அடிப்படை அளவைகளுள் வலி இருந்தது, களைப்பு இருக்கவில்லை. வாதநோய் ஆய்வுகளின் அளவைகளை ஆராயும் 'ஒமெறக்ற்' என்னும் சர்வதேசக் குழு 2002இல் அவுஸ்திரேலியாவிற் கூடியபோது, முதன்முறையாகப் பதினொரு நோயாளரும் பங்காளராக அழைக்கப்பட்டனர். களைப்பை ஏன் எவரும் கேட்பதில்லை என்ற முறைப்பாடு அவர்களிடமிருந்து எழுந்தது. களைப்பையும் அளக்கவேண்டும் என்ற பரிந்துரை 2007இல் வெளிவந்தது. அறிஞர் காணாததைப் பதினொருவர் காட்டினர் எனின், அவர்கள் அங்கு ஆய்வுப் பொருளாக அன்றிச் சாட்சிகளாக இருந்தமையே காரணம் எனலாம்.

இன்று அளவுகோல்கள் பல உள. நூறு மில்லிமீற்றர் நீளமான கோட்டில் ஓர் அடையாளம் இடுவது மிக எளியது. இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில் நோயாளரின் சொற்களைக் கேட்டே உருவாக்கப்பட்டு 2010இல் வெளிவந்த வினாக்கொத்து, இருபது வினாக்களால் உடற்களைப்பு, அன்றாட வாழ்வு, சிந்தனைத் தெளிவு, உணர்ச்சி என நான்கு கூறுகளை நோக்குகின்றது. அதன் துணை அளவுகோல்கள் களைப்பின் கடுமை, அதன் பாதிப்பு, அதனைச் சமாளிக்கும் திறன் ஆகியவற்றைத் தனித்தனியே கேட்கின்றன. இப்பிரிப்பு எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றது. கடுங்களைப்பைத் திறம்படச் சமாளிக்கும் ஒருவரை ஒற்றை எண் மறைத்துவிடும்.

எனினும், ஒருவரின் ஆறும் மற்றவரின் ஆறும் ஒன்றா? விட்கென்ஸ்ரைன், தத்தம் பெட்டிக்குள் மட்டும் பார்க்கக்கூடிய மனிதர் எல்லோரும் உள்ளிருப்பதை 'வண்டு' என்றே அழைத்தால் என்னாகும் என்று கேட்டார். களைப்பின் எண்ணை வெப்பமானியின் இரசம் போலக் கருதுவோருக்கு இவ்வினா ஆபத்தானது. நான் அவ்வாறு கருதவில்லை. கோட்டில் இட்ட அடையாளம் ஒரு வாக்குமூலம். கேள்வி விளங்கியதா, யாருக்கு முன் சொல்கிறார், சொல்ல அஞ்சுகிறாரா என்றெல்லாம் வாக்குமூலத்தைத்தான் நாம் விசாரிப்போம். பொய் சொல்வோரும் இருப்பர்; மறுக்கவில்லை. பொய்யை நம்பினால் ஒருவருக்குத் தகாத ஓய்வு கிடைக்கும். மெய்யை நம்பாதுவிட்டால் நோயாளி சோம்பேறியாகிறார்.

இதை நான் நூலில் மட்டும் கற்கவில்லை. எங்கள் வீட்டிலிருக்கும் பெரியம்மாவுக்குப் பல்லாண்டுகளாக இந்நோய். குளிசைகளால் விரல் வீக்கம் வற்றியது. குருதிச் சோதனையும் சீரானது. மாதாந்தக் கிளினிக்கில் அவர் "பரவாயில்லை, டொக்ரர்" என்பார். வீட்டிலோ காலை ஒன்பது மணிக்கே அரிந்த பாதிக் கத்தரிக்காயை மடியில் வைத்தபடி அமர்ந்திருப்பார். சோதனை நன்றாயிருக்க என்ன களைப்பு என்று விடுமுறைக்குச் சென்ற நான் ஒருமுறை கேட்டும்விட்டேன். அழற்சி அடங்கிய பின்னும் களைப்பு நீடிக்கலாம் என்பதும், வலி, தூக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியனவும் அதனோடு பின்னியிருக்கலாம் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. அவர் பதில் சொல்லவில்லை; கத்தரிக்காயை அரியத் தொடங்கினார்.

நமது பேச்சிலும் ஒரு சிக்கல் உண்டு. 'அலுப்பு' என்றால் தொல்லை என்றும் பொருள்படும். 'ஏலாது' என்பதில் நோயும் இயலாமையும் களைப்பும் கலந்து கிடக்கின்றன. ஆங்கில வினாக்கொத்தை மொழிபெயர்ப்போர் இச்சொற்களுள் எதை எடுப்பர் என எண்ணிப் பார்த்ததுண்டு.

சென்ற விடுமுறையில் கொப்பித்தாளொன்றில் கோடு வரைந்து, ஒரு முனை களைப்பே இல்லை, மறுமுனை தாங்கவியலாக் களைப்பு என விளக்கி, அடையாளம் இடுமாறு பெரியம்மாவிடம் கொடுத்தேன். பேனையைப் பிடித்தபடி நெடுநேரம் பார்த்தார். "எந்த நேரத்துக் களைப்பைக் கேக்கிறாய், பிள்ளை? காலமையினதோ, பின்னேரத்தினதோ?" என்றார். தாளை வாங்கி, கீழே இன்னொரு கோடு வரைந்தேன்.